ஏழாம் நம்பர் கிளிப்

அத்தியாயம் 4

"கிடைச்சிருச்சு அண்ணி!" என்று சுருக்கம் கத்தியபோது குளத்துக் கோரைப் புல்லுக்கு நடுவே முழங்கால் வரை சேற்றில் இருந்தான். தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த கையில் இருந்தது ஒரு துணி கிளிப்.

கரையில் குடை பிடித்து நின்ற அண்ணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"நீர்மூழ்கிக் கப்பலைத் தேடச் சொன்னா துணி கிளிப்பை எடுத்துட்டு வர்றே."

"நனைஞ்ச கப்பல்தானே அண்ணி, காயப் போட்டிருப்பாங்க."

"மேல ஏறு முதல்ல."

சுருக்கம் ஏறினான். அவன் ஏறினானே தவிர இடது செருப்பு ஏறவில்லை. அதற்காக மறுபடி இறங்கினான். அண்ணி அவசரப்படவே இல்லை. ரயிலில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட் இல்லாதவன் நான்கு சட்டைப் பைகளையும் துழாவி முடிக்கும்வரை காத்திருந்து பழகிய பொறுமை அது. வேலையை விட்டதும் வீட்டு முன்னறையில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். அவர் கணவர் அந்த அறைப்பக்கமே வருவதில்லை. கணவரின் தம்பி மட்டும் அதைவிட்டு நகர்வதில்லை. அவன்தான் நம்ம சுருக்கம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்ற காலத்தில், "சுருக்கமா சொல்லணும்னா" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசி வாங்கிய பட்டப் பெயர். கருவி மட்டும் விற்கவில்லை.

இப்போது கையில் இருக்கும் வழக்கு ஒரு பிளம்பருடையது. மனிதர் மூன்று வருடம் உட்கார்ந்து, ரிமோட்டில் ஓடும் நீர்மூழ்கி ஒன்றைச் சொந்தக் கையால் செய்திருந்தார். நீளம் ஐந்தடிக்கு ஒரு சாண் குறைவு. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் நீரை இழுக்க ஒரு மோட்டார், இழுத்த நீரைத் துப்ப இன்னொரு மோட்டார். இழுத்தால் முழுகும், துப்பினால் மிதக்கும். போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இதே பூங்காக் குளத்தில், போட்டிக்கு முன் நடந்த வெள்ளோட்டத்தில், பொம்மைப் படகு சங்கத்தார் நூறு பேர் பார்க்க அது முழுகியது. முழுகியது முழுகியதுதான்.

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பத்தே நிமிடம் பொறுத்துவிட்டு மைக்கில் அறிவித்தார்: "நம்ம பிளம்பரோட கப்பல் லீக் ஆகி முழுகிடுச்சு." நூறு பேரும் சிரித்தார்கள். சமையல்காரன் வீட்டில் சோறு குழைந்தது என்றால் எவ்வளவு சிரிப்பு வருமோ அவ்வளவு சிரிப்பு. பிளம்பர் மேடை ஏறி, "லீக் இல்லடா, நீதான் திருடினே!" என்று டாக்டரின் சட்டையைப் பிடித்தார். டாக்டர் அவர் பெயரைப் போட்டியிலிருந்து அடித்தார். இடுப்பளவு குளத்தை நாற்பது பேர் இரண்டு நாள் வலைபோட்டு அரித்தார்கள். ஒரு திருகாணி கூட அகப்படவில்லை.

ஆனாலும் 'லீக்' என்ற சொல் நிலைத்துவிட்டது. நான்கு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆறு நாளாகப் பிளம்பர் ஸ்பேனரைத் தொடவில்லை. "லீக்குன்னே முடிவானா இந்தத் தொழிலே வேண்டாம்மா, பையைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்று அண்ணியிடம் சொன்னபோது அவர் சும்மாச் சொல்லவில்லை என்று சுருக்கத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் அவன் ஜோக் அடிக்கவில்லை. நாளைக்குப் போட்டி. இன்று சனிக்கிழமை, காலை பத்தரை.

அண்ணி கிளிப்பைக் கைக்குட்டையில் வாங்கித் திருப்பினார். மரக் கிளிப். அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் '7' என்று எழுதியிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. சுருக்கமா சொல்லணும்னா..."

அவன் சொன்னதை நாம் நிஜமாகவே சுருக்கிவிடலாம். புது ரிமோட்டுகளின் அலை தண்ணீருக்குள் இறங்காது. அதனால் நீர்மூழ்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் நீள ஏரியல் வைத்த பழைய ரிமோட்டைத்தான் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பழைய ரிமோட்டில் ஒரு சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரே நம்பரில் இரண்டு பேர் ஸ்விட்சைப் போட்டால், பக்கத்தில் நிற்பவர் பேச்சைத்தான் கப்பல் கேட்கும். சொந்தக்காரர் யார் என்றெல்லாம் அது பார்க்காது. அதற்காகவே சங்கத்துப் பலகையில் பன்னிரண்டு துணி கிளிப் மாட்டியிருப்பார்கள். உன் நம்பர் கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டு, அப்புறம் ஸ்விட்சைப் போடு. கிளிப் இல்லாமல் ஸ்விட்சைத் தொட்டால் சங்கத்தை விட்டே தூக்கிவிடுவார்கள்.

"சங்கத்துப் பலகையில ஏழு இருக்கா இல்லையா?" என்றார் அண்ணி.

"இருக்கு. இப்பதான் பார்த்தேன். எல்லாம் சிவப்பு எழுத்து. இது மஞ்சள்." சுருக்கம் நெற்றியில் தட்டிக்கொண்டான், சேறு அங்கேயும் ஒட்டியது. "அண்ணி! இன்னொரு ஏழு! எவனோ இந்தக் கோரைக்குள்ள ஒளிஞ்சு நின்னு, அவர் கப்பலைத் தன் ரிமோட்டால இழுத்துட்டான்!"

"அது சரி. திருட வந்தவன் கிளிப்பை எதுக்கு மாட்டினான்?"

சுருக்கம் நெற்றிச் சேற்றைப் புறங்கையால் துடைத்தான்.

"ரூலை மீறத் தெரியாத திருட்டு இது தம்பி. டிக்கெட் எடுக்காம ஏறிட்டு, வயசானவங்க வந்ததும் எழுந்து சீட் கொடுத்தவங்களை நான் பார்த்திருக்கேன். நல்ல பழக்கம் கையை விட்டுப் போகாது. வண்டியை எடு. பல் டாக்டர்கிட்ட போகணும்."

"பிளம்பர்கிட்ட இதைக் காட்டிட்டுப் போயிடலாமே?"

"டிக்கெட்டைக் கடைசியாத்தான் கேக்கணும். முதல்லயே கேட்டா எல்லாரும் பொய்க்குத் தயாராயிடுவாங்க."

*

பல் டாக்டரின் கிளினிக்கில் நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து கிடந்தார். டாக்டர் நிமிராமலே, "திருடனைப் பார்க்க வந்தீங்களா?" என்றார். "ஊர் முழுக்க அதான் பேச்சு. நாலு பேர் பல்லைப் பிடுங்க வந்தவங்க, பிடுங்காமலே திரும்பிட்டாங்க."

"பயந்திருப்பாங்க டாக்டர், பிடுங்கின பல்லையும் நீங்களே வெச்சுக்குவீங்கன்னு" என்றான் சுருக்கம்.

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சுவரில் இருந்த பல்லின் படத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். கப்பல் முழுகினப்ப குமிழி வந்துச்சா?"

டாக்டரின் கை நின்றது. நாற்காலிக்காரர், "ஆங்?" என்றார்.

"குமிழியா?"

"உள்ள தண்ணி போனா காத்து வெளிய வரணும் இல்லையா? பாட்டிலைத் தண்ணிக்குள்ள அமுக்கினா களகளன்னு வருமே, அந்த மாதிரி."

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். நேர்மையான மனிதர்கள் யோசிக்கும்போது முகம் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். "வரல. ஒண்ணுகூட வரல."

"அப்ப லீக்குன்னு எதை வெச்சு அறிவிச்சீங்க?"

"அவரு பிளம்பர்." டாக்டர் தொண்டையைச் செருமினார். "சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு."

எச்சில் உறிஞ்சும் குழாயை நாற்காலிக்காரர் வாயில் சரிசெய்தார்.

"ஏழாம் நம்பர் ரிமோட் சங்கத்துல வேற யார்கிட்ட இருக்கு?" என்றார் அண்ணி.

"யார்கிட்டயும் இல்ல. இருந்தாலும் அந்தக் கப்பலை இன்னொருத்தர் ஓட்ட முடியாதும்மா. எல்லாருக்கும் ரிமோட் குச்சியை மேல தள்ளினா மேல, கீழ தள்ளினா கீழ. இந்த மனுஷன் குழாய் மாதிரி அமைச்சிருக்கார். வலப்பக்கம் திருப்பினா மூடும், இடப்பக்கம் திருப்பினா திறக்கும், தண்ணி உள்ள வரும். நான் ஒரு தடவை கேட்டு வாங்கி ஓட்டினேன். மூக்கு தரையில குத்தி, வாலை மேல தூக்கிட்டு நின்னுச்சு. வாத்து இரை தேடற மாதிரி."

"அவர் இப்ப வெச்சிருக்கிற ரிமோட் புதுசா?"

"போன வருஷம் வாங்கினது. அதுக்கு முன்னாடி ஒண்ணு வெச்சிருந்தார், ஏரியல் வளைஞ்சது. அதுவும் ஏழுதான்." டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "அவரே திருடிட்டாரா?"

"அதே அதே!" என்றான் சுருக்கம். அவன் அதைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருந்தான். "தன் கப்பலைத் தானே..."

"நூறு பேர் பார்க்க இந்தக் கரையில நின்னுக்கிட்டே, அந்தக் கரைக் கோரைக்குள்ளயும் நின்னாரா?" என்றார் அண்ணி. "வா போகலாம். டாக்டர், மதியம் கிளினிக் திறந்திருக்குமா?"

"ரெண்டு மணி வரைக்கும். ஏன்?"

"ஒருத்தருக்குப் பல் வலி."

*

பிளம்பரின் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. சுருக்கம் ஸ்கூட்டரை வேனுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிவிட்டு, வேன்மேல் சாய்ந்து செருப்பிலிருந்த சேற்றை வழித்தான்.

"சாயாதீங்க, பெயின்ட் காயல!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. குரல் தாமதமாக வந்தது.

வெளியே வந்தவர் பிளம்பரின் மனைவி. அந்த வேன் அவருடையது. வேனை ஓட்டுபவரும் அவரே. இருபத்திரண்டு பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்கும் கை, முழங்கை வரை மஞ்சளாக இருந்தது. "சைக்கிள்காரன் ஒருத்தன் உரசிட்டுப் போயிட்டான். இப்பதான் டச்-அப் பண்ணினேன். சட்டை போச்சே தம்பி."

"பரவால்லீங்க. பழைய சட்டைதான்." பழைய சட்டை இல்லை. போன வாரம் அண்ணன் வாங்கிக் கொடுத்தது.

அண்ணி அவன் முதுகைத் திருப்பிப் பார்த்தார். அதே இடத்தில் நின்றபடி கைக்குட்டையைப் பிரித்து, கிளிப்பை அந்தக் கறைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். மனைவி பெயின்ட் டப்பாவை மூடக் குனிந்திருந்தார், இதைப் பார்க்கவில்லை. சுருக்கத்தின் முதுகில் கண் இல்லை, அதனால் அவனும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது சொட்டு. சமையலறைக் குழாயிலிருந்து பக்கெட்டில், டொக், டொக் என்று நிதானமாக விழுந்தது.

"எத்தனை நாளா?" என்றான் சுருக்கம்.

"மூணு வருஷமா" என்றார் மனைவி. "கப்பல் ஆரம்பிச்சதுல இருந்து. ஊர்க் குழாய் எல்லாம் அடைப்பார். இதுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு."

பிளம்பர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியிருந்தது. கருவிப் பை மூலையில் கிடந்தது, அதன்மேல் மடித்த துணிகளை அடுக்கியிருந்தார்கள்.

"ஊர்ல ஒரே பல் டாக்டர்தான். அந்தத் திருடன்கிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார் பாதி வாயால். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"கொஞ்சம். கப்பலை மூடுற இடத்துல என்ன போட்டிருந்தீங்க?"

பிளம்பரின் முகம் சட்டென்று மலர்ந்தது. வலியையும் மறந்துவிட்டார். "ரப்பர் வளையம். நானே அளவு பார்த்து வாங்கினது. அதுக்கு மேல கிரீஸ், கனமா, நல்ல மஞ்சள் கிரீஸ். மோட்டார் பம்புக்கு இருபது வருஷமா அதைத்தான் போடறேன். ஒரு பம்பு ஒழுகினதில்ல. என்கிட்ட லீக்கு பத்திப் பேசறான் பல்லு பிடுங்கறவன்!"

மனைவி டீ கொண்டுவந்தார். கிரீஸ் என்ற சொல்லுக்குத் தட்டு லேசாக ஆடியது. டீ மட்டும் சிந்தவில்லை. தினமும் மேடு பள்ளத்தில் பிள்ளைகளைக் குலுங்காமல் கொண்டுபோகிறவர்.

"கை கழுவணும்" என்று அண்ணி எழுந்தார்.

சுருக்கம் இதுதான் சமயம் என்று பிளம்பரிடம் தன்னுடைய முன்னாள் தொழில் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். ஐந்து நிமிடம் கழித்து அண்ணி திரும்பி வந்தபோது அவன் இன்னும் முதல் கருவியின் முதல் வடிகட்டியில்தான் இருந்தான். பிளம்பர் கண்ணில் நீர் கோத்திருந்தது, பல் வலியாகவும் இருக்கலாம்.

"குளியல் தொட்டி நிறையத் தண்ணி இருக்கே" என்றார் அண்ணி மனைவியிடம். "கப்பல் போய் ஆறு நாளாச்சு. தொட்டியில எதை மிதக்க விடறீங்க?"

"துணி ஊற வெச்சேன்" என்றார் மனைவி, கொஞ்சம் வேகமாக.

"அப்படியா. உங்க வேன் நல்லா இருக்கு. எங்க ஓரகத்திப் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். உள்ள ஒரு தடவை பார்க்கலாமா?"

அண்ணிக்கு ஓரகத்தியே கிடையாது. ஓரகத்தியாக வரவேண்டியவளைத் தேடித் தேடித்தான் சுருக்கத்துக்கு முப்பத்தாறு வயதாகிறது. அவன் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனான்.

*

வேனுக்குள் ரப்பரும் பென்சில் தூளும் மணத்தன. அண்ணி பின்னால் இருந்த நீள சீட்டில் போய் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து, மஞ்சள் ஏழை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"டிக்கெட் ப்ளீஸ்" என்றார்.

மனைவி கிளிப்பைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார். அப்புறம் முன்சீட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எங்க இருந்துச்சு? அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் தேடினேன்..."

"கோரைக்குள்ள. வீட்டுல ரெண்டு ரிமோட், ரெண்டும் ஏழு. தொட்டியில சோதிக்கறப்ப சண்டை வராம இருக்க நீங்களே கிளிப் செஞ்சீங்க. கிளிப் யார்கிட்டயோ அவங்க ஓட்டணும். சரியா?"

"சரி."

"திருடப் போன இடத்துலயும் கை தன்னால ஏரியல்ல கிளிப்பை மாட்டிருச்சு."

"மாட்டாம ஸ்விட்ச் போட்டா எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்மா."

சுருக்கத்துக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. "அப்ப கப்பல் எங்கே?" என்றான்.

"உங்க அண்ணி உட்கார்ந்திருக்காங்களே, அதுக்குக் கீழ."

அண்ணி எழுந்தார். சீட்டின் அடியில், மழைக்கோட்டில் சுற்றி, குழந்தையைத் தூங்கப் போட்டதுபோல ஒன்று கிடந்தது. மழைக்கோட்டின் ஓரத்தில் கறுத்த மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நாளா இருபத்திரண்டு பிள்ளைங்களும் இது மேலதான் பள்ளிக்கூடம் போயிட்டு வந்தாங்களா?" என்றான் சுருக்கம்.

"அவங்களுக்குத் தெரியும். சத்தியம் வாங்கியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிக்க ஆறு நாளாச்சு, அவங்க திங்கட்கிழமை காலையிலயே கண்டுபிடிச்சுட்டாங்க."

அண்ணி அதைக் காதில் வாங்காத மாதிரி கேட்டார். "ஏன் எடுத்தீங்க?"

மனைவி ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"போன சனிக்கிழமை தொட்டியில விட்டு எடுத்தோம். அவர் டீ குடிக்கப் போனார். நான் மூடியைத் திறந்தேன். உள்ள ஒரு ஸ்பூன் தண்ணி. வளையத்தைத் தொட்டுப் பார்த்தா கொழகொழன்னு ஊதியிருக்கு. அவர் போடற கிரீஸ் பம்புக்குச் சரி. இந்த ரப்பரை அது தின்னுடும். வேன் பிரேக்கு வளையத்துக்கு எந்தக் கிரீஸ் ஆகும், எது ஆகாதுன்னு மெக்கானிக்கிட்ட நின்னு நின்னு எனக்குத் தெரியும். சொன்னேன். 'யாருக்குடி லீக்கு சொல்லித் தர்றே'ன்னார். ரெண்டு தடவை சொன்னேன். மறுநாள் காலையில குளத்துக்குக் கிளம்பிட்டார். தொட்டியில ஸ்பூன் தண்ணின்னா குளத்துல குடம் தண்ணி. மூணு வருஷம்மா. நூறு பேர் முன்னாடி அது சாகறதை அவர் பார்க்கணுமா?"

"அதனால அது சாகறதுக்குள்ள தூக்கிட்டீங்க."

"வேன் கழுவறேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கக் கரைக்குப் போனேன். வளையத்தை மாத்திட்டு, திங்கட்கிழமை கோரைக்குள்ள கிடைச்சுதுன்னு கொடுத்துடலாம்னு நினைச்சேன். பத்தே நிமிஷத்துல அந்த டாக்டர் மைக்கைப் பிடிச்சு லீக்குன்னுட்டார். இவர் திருட்டுன்னு சட்டையைப் பிடிச்சுட்டார். திங்கட்கிழமை பார்த்தா நாற்பது பேர் கோரையை அரிச்சுட்டாங்க. வளையத்தை மாத்தி, ராத்திரி தொட்டியில விட்டும் பார்த்துட்டேன். ஆனா இனிமே அங்க கிடைச்சுதுன்னு சொன்னா யாரு நம்புவா?" அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "லீக்குன்னு பேர் வரக் கூடாதுன்னு எடுத்தேன். நான் எடுத்ததாலயே லீக்குன்னு பேர் வந்துச்சு. நிஜத்தைச் சொன்னா, கிரீஸ் தப்புன்னு சொல்லணும். சொல்லாட்டி அவர் பையைத் தூக்கிப் போட்டுடுவார். எதைச் செய்ய?"

சுருக்கம் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வேனின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் திரும்பினான்.

படியில் பிளம்பர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடிக்காத டீ. எவ்வளவு நேரமாக நின்றார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

 

பிளம்பர் டீயைப் படியில் வைத்தார். உள்ளே வந்து மண்டிபோட்டு மழைக்கோட்டை விலக்கினார். கப்பலின் முதுகை ஒரு தடவை தடவினார். பின்பக்க மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே பளபளவென்று புது வளையம், வெள்ளைக் கிரீஸ் மெல்லிசாகத் தடவியிருந்தது. பழைய வளையம் ஒரு சின்னப் பையில் கட்டி உள்ளேயே கிடந்தது. அதை எடுத்து விரலால் நசுக்கினார். அது அவர் கன்னத்தைப் போலவே வீங்கியிருந்தது.

இருபது வருடம் ஊரின் ஒழுகல்களை எல்லாம் விரல் வைத்தே கண்டுபிடித்த மனிதர். அந்த வளையத்தைப் பிடித்த விரலுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. தலை மெதுவாகக் குனிந்தது.  போய்விட்டது, மனிதர் பையைத் தூக்கிப் போடப்போகிறார் என்று சுருக்கம் நினைத்தான்.

பிளம்பர் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்துக் கேட்ட கேள்வி, அங்கே இருந்த மூன்று பேரில் ஒருவரும் எதிர்பாராதது.

"தண்ணிக்கு அடியிலயேவா கொண்டு போனே?"

"ஆமா."

"அந்தக் கரை வரைக்கும்? கண்ணுக்கே தெரியாம?"

"மேல வந்தா பார்த்துடுவாங்களே."

"நடுவுல பாறை இருக்கே. நான் மூணு தடவை அதுல இடிச்சு மூக்கை ஒட்டியிருக்கேன்."

"பாறைக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். அப்புறம் ரிவர்ஸ்ல எடுத்து வளைச்சுக்கிட்டேன்."

"ரிவர்ஸ்ல" என்றார் பிளம்பர். "ரிவர்ஸ்லயா?"

"நம்ம சந்துல தினமும் அப்படித்தானே எடுக்கறேன்."

பிளம்பர் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கும் புதிதாக ஒரு கீறல் இல்லை. அவர் மூன்று வருடமாக ஓட்டியதில் அப்படி ஒரு நாள் கிடையாது. பிறகு மனைவியின் கையிலிருந்து மஞ்சள் கிளிப்பை எடுத்தார். அதை அவர் தோளில் கிடந்த முந்தானையில் மாட்டிவிட்டார். மாட்டியதும் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், பிளம்பர் அல்லவா.

"நாளைக்கு நீ ஓட்டு" என்றார். "செஞ்சது நான்னு சொல்லிக்கிறேன். வளையம் போட்டது நீன்னும் சொல்றேன்."

மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அவர் ஹாரனை அழுத்திவிட்டார். சந்தில் இருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"சுருக்கமா சொல்லணும்னா..." என்று தொடங்கினான் சுருக்கம்.

"வேண்டாம்" என்றார் அண்ணி. பிளம்பர் பக்கம் திரும்பினார். "முதல்ல போட்டியில உங்க பேரைத் திரும்ப எழுதணும். அதுக்கு செயலாளர் வேணும். அவர் சட்டையைப் பிடிச்சுத் திருடன்னு சொன்னவர் நீங்க."

பிளம்பரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "இப்ப கிளினிக்ல இருப்பாரா?"

"ரெண்டு மணி வரைக்கும் இருப்பார். லீக்குன்னு குமிழி வராமலே சொல்லிட்டோமேன்னு அவரும் உட்கார்ந்துக்கிட்டு இருக்கார். நீங்க ஒரு உண்மையைச் சொன்னா அவர் ஒரு உண்மையைச் சொல்வார்."

"வண்டியை எடு" என்றார் பிளம்பர் மனைவியிடம். கதவுப் பக்கம் போனவர் சட்டென்று நின்றார். "இரு. ஒரு வேலை இருக்கு."

அவர் வீட்டுக்குள் போனார். துணிகள் பொத்பொத்தென்று கீழே விழும் சத்தம் கேட்டது. கருவிப் பையின் ஜிப் சத்தம் கேட்டது. அப்புறம் இரும்பு இரும்பின்மேல் இறுகும் சத்தம். மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காதைக் கொடுத்தார். சுருக்கமும் கொடுத்தான்.

டொக் என்று ஒன்று விழுந்தது. அடுத்தது விழவில்லை.

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து முன்சீட்டில், மனைவிக்குப் பக்கத்தில் ஏறினார். வேன் பின்னோக்கி நகர்ந்தது. சுவரையும் தொடாமல், நாயையும் தொடாமல், சுருக்கத்தின் ஸ்கூட்டர் கண்ணாடிக்கு இரண்டு விரல்கடை தள்ளி வளைந்து, ஒரே மூச்சில் சந்தைவிட்டு வெளியேறியது. பின்சீட்டுக்கு அடியில் கப்பலும் கூடப் போனது.

"அண்ணி" என்றான் சுருக்கம், வேன் போன திசையைப் பார்த்தபடி. "சட்டையில பெயின்ட், முட்டி வரைக்கும் சேறு, ஒரு செருப்புல வாரு அறுந்துபோச்சு. கடைசியில திருடனும் இல்ல, திருட்டும் இல்ல. நாம என்ன கண்டுபிடிச்சோம்?"

அண்ணி குடையை விரித்தார். திறந்து கிடந்த வாசல் வழியாகச் சத்தமே இல்லாத அந்த வீட்டைப் பார்த்தார்.

"மூணு வருஷ லீக்கு" என்றார். "கதவைச் சாத்திட்டு வா."